இலைக்கு அடித்த மருந்து, வேருக்கு வந்த நோய்

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநில நிலக்கடலை விவசாயிகளுக்குப் பெனோமில் என்ற புதிய பூஞ்சாணக்கொல்லி கிடைத்தது. நம் ஊரில் டிக்கா நோய் என்கிறோமே, அந்த இலைப்புள்ளி நோய்தான் அங்கும் நிலக்கடலையின் பெரிய எதிரி. நோய் முற்றினால் இலைகள் கருகி உதிர்ந்து, செடி வெறும் குச்சியாக நிற்கும், காய் திரளாது. அதுவரை இருந்த மருந்துகள் இலையின் மேற்பரப்பில் படிந்து நின்று நோயைத் தடுத்தன. பெனோமில் இலைக்குள் ஊடுருவியது. பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை அடித்து வந்தால் புள்ளியே தலைகாட்டவில்லை. வயல்கள் அறுவடை வரை பச்சைப் பசேலென்று இருந்தன.

ஆனால் இலை செழித்த அளவுக்கு மகசூல் ஏறவில்லை. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் நோயியல் ஆய்வாளர்களான பால் பேக்மேனும் ரொட்ரிகோ ரோட்ரிகஸ்-கபானாவும் தம் சகாக்களோடு சேர்ந்து பல்வேறு இலைப்புள்ளி மருந்துகள் அடித்த பாத்திகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இலையை மட்டும் பார்க்காமல், மண் மட்டத்தில் தண்டையும் பார்த்தார்கள். 1975-இல் வெளியான அவர்களுடைய முடிவு இதுதான்: பெனோமில் அடித்த பாத்திகளில் தண்டழுகல் நோய் கூடியிருந்தது. மேலே ஒரு நோயைத் துடைத்தெடுத்த மருந்து, கீழே இன்னொரு நோய்க்கு இடம் கொடுத்திருந்தது.

தண்டழுகலை உண்டாக்குவது ஸ்கிளிரோசியம் ரால்ப்சி என்ற மண்வாழ் பூஞ்சாணம். செடியின் கழுத்தில் வெள்ளை நூல் விசிறிபோல் படரும். சில நாளில் அந்த நூலின்மீது கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள் தோன்றும். அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த பயிருக்காகக் காத்திருக்கும். ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து முதலில் தண்டின் திசுவைக் கொன்றுவிட்டு, பிறகு உள்ளே நுழைந்து தின்பது இதன் வழக்கம். 1892-இல் ஃபுளோரிடாவின் தக்காளித் தோட்டங்களில் இந்த நோயைப் பதிவு செய்த பீட்டர் ஹென்றி ரால்ஃப்ஸின் பெயரையே இதற்கு வைத்தார்கள். தக்காளி, நிலக்கடலை, கத்தரி, மிளகாய், மஞ்சள் என்று ஏறத்தாழ 500 வகைத் தாவரங்களைத் தாக்கக்கூடியது. தமிழ்நாட்டில் நிலக்கடலை போடுகிற யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

இலைக்கு அடித்த மருந்து இந்தப் பூஞ்சாணத்தை எப்படி வளர்த்தது? வளர்க்கவில்லை. அதைக் கட்டுக்குள் வைத்திருந்த வேறொன்றை அழித்தது.

ஒரு கைப்பிடி வயல்மண்ணில் எண்ணிலடங்காத பூஞ்சாணங்களும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று டிரைக்கோடெர்மா. பச்சை நிற வித்துகளைக் கொண்ட இந்தப் பூஞ்சாணம் பிற பூஞ்சாணங்களைத் தின்று வாழவும் வல்லது. எதிரியின் நூலிழையைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்கிளிரோசியத்தின் கடுகு உருண்டைகளையும் துளைத்து அழிக்கும். நம் மண்ணிலும் அலபாமா மண்ணிலும் ஸ்கிளிரோசியம் விரும்பியபடி பரவாமல் இருப்பதற்கு டிரைக்கோடெர்மா ஒரு முக்கியக் காரணம்.

பெனோமில் செடிக்குள்ளும் மண்ணிலும் சிதைந்து கார்பன்டாசிம் என்ற பொருளாக மாறும். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழல்கள் உருவாக ட்யூபுலின் என்ற புரதம் வேண்டும். கார்பன்டாசிம் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு, உயிரணு பிரிவதையே நிறுத்திவிடுகிறது. ஆனால் எல்லாப் பூஞ்சாணங்களின் ட்யூபுலினிலும் அது ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. இலைப்புள்ளியை உண்டாக்கும் செர்கோஸ்போராவில் நன்றாக ஒட்டும். டிரைக்கோடெர்மாவிலும் நன்றாக ஒட்டும். ஸ்கிளிரோசியத்தை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. தெளித்த கரைசலில் ஒரு பங்கு நேராகத் தரையில் விழுகிறது, ஒரு பங்கு மழையில் வழிந்து இறங்குகிறது, மீதி உதிர்ந்த சருகோடு மண்ணைச் சேர்கிறது. பருவம் முழுக்க இப்படி இறங்கிக்கொண்டே இருந்தால், வேட்டையாடுவது ஒடுங்கி, வேட்டையாடப்படுவது பெருகுவதில் வியப்பில்லை.

கதையின் இன்னொரு பாதி, அதே அலபாமா குழு 1974-இல் வெளியிட்டது. இலைப்புள்ளிப் பூஞ்சாணங்களே பெனோமிலுக்குத் தாக்குப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. அதாவது எந்த நோய்க்காக மருந்து வந்ததோ அந்த நோய் சில ஆண்டுகளுக்குள் தப்பிக்கும் வழியைக் கற்றுக்கொண்டது. மருந்து யாரைக் குறிவைக்கவே இல்லையோ, அந்த டிரைக்கோடெர்மா அடி வாங்கியது.

அலபாமா தனி நிகழ்வல்ல. அதே 1975-இல் நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, பெனோமிலும் அதன் உறவு மருந்துகளும் தெளித்த தட்டைப்பயறில் பித்தியம் தண்டழுகல் கூடியதைக் காட்டியது. 1980-இல் நெதர்லாந்தில் ரை என்ற தானியப் பயிரில் பெனோமில் தெளித்தபோது, ரைசாக்டோனியா என்ற மண்வாழ் பூஞ்சாணத்தால் வரும் நோய் ஏறியது. இன்னும் பின்னால் போனால், 1961-இலேயே பைன் நாற்றங்கால்களில் குவின்டோசீன் என்ற மருந்து இதே வேலையைச் செய்திருந்தது: ரைசாக்டோனியாவை அடக்கியது, பித்தியத்தால் வரும் நாற்றழுகலைக் கூட்டியது. மருந்து மாறினாலும், நாடும் பயிரும் மாறினாலும் நடப்பது ஒன்றுதான்.

பித்தியம் இந்தக் கதைகளில் அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. பார்வைக்குப் பூஞ்சாணம் போல் இருந்தாலும் அது உண்மையான பூஞ்சாணம் அல்ல. பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு குலத்தைச் சேர்ந்தது. அதன் சுவரில் செல்லுலோஸ் உண்டு. அதன் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேர் நுனியைத் தேடிப் பிடிக்கும். பெனோமில், கார்பன்டாசிம் போன்றவை அதைத் தீண்டுவதில்லை. ஆனால் மண்ணில் அதனோடு உணவுக்குப் போட்டியிடும் பல பூஞ்சாணங்களை அவை ஒடுக்கிவிடும். தக்காளி, மிளகாய் நாற்றங்காலில் நாற்றுகள் கழுத்தொடிந்து சாயும்போதும், மஞ்சளில் கிழங்கழுகல் வரும்போதும் பல இடங்களில் காரணம் பித்தியம்தான். அங்கே கார்பன்டாசிம் ஊற்றினால் பணம் வீணாவதோடு நிற்காது. பித்தியத்தின் போட்டியாளர்களையும் நாமே அகற்றிக் கொடுத்ததாகும். எந்த நோய் என்று தெரியாமல் மருந்துக் கடையில் கொடுத்ததை வாங்கி ஊற்றுவதில் உள்ள ஆபத்து இதுதான். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாற்றைப் பார்த்து நோயைச் சொல்லக்கூடிய ஆள் ஊர்ப்பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் நடந்தது. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றின் வேரில் கூடுகட்டி வாழும் தானிய நூற்புழு என்று ஒன்று உண்டு. பெண் புழு வேரோடு ஒட்டி, எலுமிச்சை வடிவில் வீங்கி, வயிறு நிறைய முட்டைகளோடு செத்து, அதன் தோலே முட்டைகளுக்குக் கூடாகிவிடும். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் தானியமே போட்டால் இந்தப் புழு பெருகி விளைச்சலை நாசம் செய்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நூற்புழு பற்றிய பாடநூல் அறிவு அப்படித்தான் சொன்னது.

நடந்தது வேறு. தொடர்ந்து தானியம் போட்ட பல வயல்களில் புழு முதலில் ஏறி, பிறகு தானாகவே இறங்கியது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அதே காலத்தில் கோதுமையின் வேரைக் கருக்கும் டேக்-ஆல் என்ற பூஞ்சாண நோயைக் கட்டுப்படுத்த, சோதனைப் பாத்திகளில் ஃபார்மலின் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி. டி. வில்லியம்ஸ் 1969-இல் வெளியிட்ட முடிவில் விநோதம் ஒன்று இருந்தது: ஃபார்மலின் ஊற்றிய பாத்திகளில் நூற்புழு குறையாமல், பெருகியிருந்தது. மண்ணைக் கிருமிநீக்கம் செய்யும் விஷத்தை ஊற்றினால் புழு எப்படிப் பெருகும்?

பிரையன் கெர்ரி என்ற இளம் ஆய்வாளர் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். வயல் வேர்களைத் தோண்டியெடுத்து, பெண் புழுக்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தார். ஃபார்மலின் ஊற்றாத மண்ணில் பெண் புழுக்களில் ஏராளமானவை கூடாவதற்கு முன்பே செத்திருந்தன. உடலுக்குள் முட்டைக்குப் பதிலாகப் பூஞ்சாணம் போன்ற ஓர் உயிரின் தடித்த சுவர் கொண்ட உறங்கும் வித்துகள் நிரம்பியிருந்தன. அதுவரை அறிவியல் அறியாத உயிர் அது. 1980-இல் கெர்ரியும் கிரம்ப்பும் அதற்கு நெமட்டோஃப்தோரா கைனோஃபிலா என்று பெயரிட்டார்கள். கூடவே முட்டைகளைத் தாக்கும் வெர்ட்டிசிலியம் வகை ஒன்றும் இருந்தது. இந்த இரண்டும்தான் தானிய வயல்களில் புழுவை ஆண்டுதோறும் அடக்கி வந்தவை. ஃபார்மலின் புழுவைவிட இவற்றை அதிகமாகக் கொன்றது. தடுப்பவை போனதும் புழு பெருகியது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பாதுகாப்பு அங்கே இருந்ததே ஃபார்மலின் ஊற்றிய பிறகுதான் தெரியவந்தது என்பது. பல ஆண்டுகளாக அந்த வயல்கள் இலவசமாகக் காக்கப்பட்டு வந்தன. விவசாயிக்கும் தெரியாது, அறிவியலாளருக்கும் தெரியாது. இப்படித் தெரியாமலே கிடைக்கும் பாதுகாப்பு எத்தனை வயல்களில் இருக்கிறது, எத்தனை வயல்களில் போய்விட்டது என்பதற்குக் கணக்கே கிடையாது. கோதுமையின் டேக்-ஆல் நோய்க்கும் இதே நிலைதான். சில நிலங்களில் தொடர்ந்து கோதுமை போட்டால் நோய் உச்சம் தொட்டுவிட்டுத் தானே தணியும். வேரைச் சுற்றி வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் நோய்ப் பூஞ்சாணத்துக்கு எதிரான பொருளைச் சுரப்பதுதான் முதன்மைக் காரணம். அந்த மண்ணைப் புகைமூட்ட மருந்தால் கிருமிநீக்கினால் தணிக்கும் சக்தி போய்விடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஜேம்ஸ் குக்கும் சகாக்களும் 1970-களில், அப்படிக் கிருமிநீக்கிய மண்ணில் நோய் தணிக்கும் மண்ணைச் சிறிதளவு கலந்தாலே அந்தச் சக்தியைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள். சக்தி மண்ணின் ரசாயனத்தில் இல்லை, அதில் வாழும் உயிர்களில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவற்றில் மருந்து, நோயின் எதிரியைக் கொன்றது. களைக்கொல்லிகள் வேறு வழியில் வேலை செய்கின்றன.

கிளைபோசேட் களைகளை எப்படிக் கொல்கிறது? தாவரம் மூன்று முக்கிய அமினோ அமிலங்களைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஷிகிமேட் பாதையில் ஒரு நொதியை அது முடக்குகிறது. அமினோ அமிலம் இல்லாமல் செடி சாகிறது என்பதே நாம் படித்த விளக்கம். விளக்கம் சரிதான், ஆனால் முழுமையானதல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோஹலும் ராஹியும் 1984-இல் வெளியிட்ட ஒரு சோதனை அதைக் காட்டியது. பீன்ஸ் நாற்றுகளுக்குக் கிளைபோசேட் கொடுத்தார்கள். சாதாரண மண்ணில் இருந்தவை செத்தன. கிருமிநீக்கிய ஊடகத்தில் இருந்தவையோ, அதே அளவு மருந்து பெற்றும் வளர்ச்சி குன்றி நின்றனவே தவிர, சாகவில்லை. அதே ஊடகத்தில் பித்தியத்தையும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணத்தையும் சேர்த்ததும் செடிகள் செத்தன. அந்த அளவில் கிளைபோசேட் செடியை வலுவிழக்கச் செய்கிறது; கொன்று முடிப்பவை வேரழுகல் கிருமிகள்.

காரணம் அதே ஷிகிமேட் பாதையில் இருக்கிறது. நோய் நுழையும்போது தாவரம் சுரக்கும் எதிர்ப்புப் பொருள்கள் பலவும், சுவரைக் கெட்டிப்படுத்தும் லிக்னினும் அந்தப் பாதையில் பிறக்கும் ஃபீனைல்அலனினிலிருந்து உருவாகின்றன. பாதை அடைபட்டால் உணவும் நின்றுபோகிறது, தற்காப்பும் நின்றுபோகிறது. மண்ணில் எப்போதும் காத்திருக்கும் பித்தியத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு எது?

களை சாவதில் நமக்கென்ன கவலை என்று கேட்கலாம். சாகும் களையின் வேர் பூஞ்சாணத்துக்கு விருந்து. விருந்து தின்று பெருகிய பூஞ்சாணம் அடுத்து விதைக்கும் பயிருக்குக் காத்திருக்கும். அமெரிக்காவின் வடமேற்கில் உழாமல் விதைக்கும் வாற்கோதுமை வயல்களில் இது பெரிய பிரச்சினையாகவே வந்தது. தானாக முளைத்த தானியத்தையும் களையையும் கிளைபோசேட் அடித்துச் சாகடித்துவிட்டு, இரண்டு மூன்று நாளிலேயே விதைத்தால், சாகும் வேர்களில் பெருகிய ரைசாக்டோனியா அப்படியே புதிய நாற்றின் வேருக்குத் தாவியது. ரிச்சர்ட் ஸ்மைலி, ஓக், குக் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், களைக்கொல்லிக்கும் விதைப்புக்கும் இடையே சில வாரங்கள் விட்ட பாத்திகளில் வேரழுகல் குறைந்து, விளைச்சல் கூடியிருந்தது. கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. இடைவெளி விட்டதுதான் மருத்துவம்.

ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதியில் ஆல்பர்ட் ரோவிராவும் மெக்டொனால்டும் 1986-இல் இன்னொரு களைக்கொல்லியைப் பற்றி எழுதினார்கள். குளோர்சல்ஃபுரான் அடித்த நிலங்களில் வாற்கோதுமையில் ரைசாக்டோனியா கூடி, வயலில் வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தது. டிரைஃப்ளுராலின் போன்ற களைக்கொல்லிகள் பருத்தி நாற்றின் தண்டை வீங்கச் செய்து ரைசாக்டோனியா நுழைய வழிசெய்கின்றன என்று இஸ்ரேலில் கண்டார்கள். ஆனால் அதே இஸ்ரேலில், அதே குடும்பத்துக் களைக்கொல்லிகள் தக்காளியில் ஃபியூசேரியம் வாடலுக்கு எதிர்ப்பைக் கூட்டின என்றும் 1976-இல் ஓர் ஆய்வு வந்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். ரசாயன மருந்து என்றாலே மண்ணைக் கெடுக்கும், நோயைக் கூட்டும் என்று ஒரேயடியாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் சான்றுகள் அப்படி ஒரே பக்கமாக இல்லை. கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சாணம் மரத்தின் தடித்த வேர்களுக்குள் ஆழமாக ஒளிந்திருக்கும். டொனால்ட் பிளிஸ் மண்ணில் கார்பன் டைசல்ஃபைடு புகையூட்டி அதை ஒழித்தார். ஆனால் புகை போட்ட அன்றே பூஞ்சாணம் சாகவில்லை என்பதையும், அந்த அளவு புகை அதைக் கொல்லப் போதாது என்பதையும் கவனித்தார். 1951-இல் அவர் காட்டியது: புகையில் பிழைத்து வேகமாகப் பெருகிய டிரைக்கோடெர்மாதான், வலுவிழந்த ஆர்மில்லேரியாவைத் தேடிப் போய்த் தின்று முடித்தது. டிரைக்கோடெர்மா இல்லாத மண்ணில் அதே அளவு புகை போட்டபோது ஆர்மில்லேரியா பிழைத்துக்கொண்டது.

ஆக, அலபாமாவில் மருந்து டிரைக்கோடெர்மாவை ஒடுக்கி நோயைக் கூட்டியது. கலிஃபோர்னியாவில் மருந்து டிரைக்கோடெர்மாவுக்கு வழிவிட்டு நோயை ஒழித்தது. இரண்டு இடத்திலும் முடிவைத் தீர்மானித்தது மருந்து யாரைக் கொன்றது என்பது மட்டுமல்ல, யாரை விட்டுவைத்தது என்பதும்தான். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே நாம் மருந்துகளை அனுமதித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

ஒரு மருந்து விற்பனைக்கு வருவதற்கு முன் மண்ணுயிர்களை அது பாதிக்குமா என்று சோதிப்பதில்லையா? சோதிக்கிறார்கள். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2000-இல் வகுத்த இரண்டு சோதனை முறைகள் பல நாடுகளில் வழக்கத்துக்கு வந்தன. ஒன்றில் மண்ணுயிர்கள் நைட்ரஜனை எவ்வளவு மாற்றுகின்றன என்று அளப்பார்கள். மற்றதில் கரிமத்தை எவ்வளவு மாற்றுகின்றன என்று, அதாவது மண்ணின் மூச்சை அளப்பார்கள். மருந்து கலக்காத மண்ணோடு ஒப்பிட்டு, 28-ஆம் நாளில் வேறுபாடு 25 சதவீதத்துக்குள் இருந்தால் மருந்தால் பெரிய பாதிப்பில்லை என்று முடிவு செய்வார்கள்.

இந்த அளவீடு பொய்யல்ல; நாம் கேட்கும் கேள்விக்குப் பதிலும் அல்ல. ஒரு தெருவின் மொத்த மின்கட்டணத்தைப் பார்த்து, எந்த வீட்டில் ஆளில்லை என்று சொல்ல முடியாது. டிரைக்கோடெர்மா செத்தால் அது தின்று வந்த சருகை வேறொரு பூஞ்சாணம் தின்னும்; செத்த பூஞ்சாணத்தையே பாக்டீரியாக்கள் தின்று மூச்சு விடும். மொத்த மூச்சு குறையாது. சில நேரம் கூடக்கூடும். ஆனால் ஸ்கிளிரோசியத்தைத் தின்ன ஆளிருக்காது. வேரழுகலும் தண்டழுகலும் மொத்தக் கணக்கால் வருபவை அல்ல; குறிப்பிட்ட சில உயிர்கள் இருப்பதாலும் இல்லாததாலும் வருபவை. 2011-இல் நெதர்லாந்தில் சர்க்கரைக்கிழங்கு வயல்களில் ரைசாக்டோனியாவைத் தணிக்கும் மண்ணை ஆராய்ந்தபோது, வேர்மண்ணில் 33,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகள் இருப்பதைக் கண்டார்கள். அந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று இப்போது டி.என்.ஏ. வரிசையை வைத்தே கண்டறிய முடிகிறது. 1975-இல் பேக்மேனிடம் இந்த வசதி இல்லை, இன்று இருக்கிறது. அப்படியிருந்தும் மருந்துப் பதிவுக்கு மண்ணின் மூச்சை அளப்பதோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகத் தெரியவில்லை. குறைந்தபட்சம், ஒரு பயிரின் இலைக்கு மருந்து பரிந்துரைக்கும்போது, அதே பயிரின் முக்கியமான மண்வாழ் நோய் அந்த மருந்தால் கூடுகிறதா குறைகிறதா என்று வயலில் பார்த்துச் சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். நிலக்கடலைக்குத் தண்டழுகல், தக்காளிக்கு நாற்றழுகல், பயறுக்கு வேரழுகல் என்று பயிருக்கு ஒன்றிரண்டு நோய்தான். செய்ய முடியாத வேலையல்ல.

நமக்கும் அலபாமாவுக்கும் இருக்கும் தொடர்பு வெறும் ஒப்புமை அல்ல. பெனோமிலைத் தயாரித்த டூபான்ட் நிறுவனம் 2001-இல் அதை நிறுத்திக்கொண்டது. ஆனால் பெனோமில் மண்ணில் எதுவாக மாறுகிறதோ அந்தக் கார்பன்டாசிம் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. டிக்கா நோய்க்கு அதைத் தெளிக்கிறோம், விதைக்கும் அதைத் தடவுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான அனுமதி 2014-இல் முடிவடைந்தது. மறுபக்கம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேரழுகல், தண்டழுகல் நோய்களுக்கு டிரைக்கோடெர்மா விரிடியைப் பல காலமாகப் பரிந்துரைத்து வருகிறது: ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் விதைநேர்த்தி, எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து நிலத்தில் இடுவது. நல்ல பரிந்துரை. ஆனால் ஒரே விதைக்குக் கார்பன்டாசிமும் டிரைக்கோடெர்மாவும் சேர்த்துத் தடவினால், காசு கொடுத்து வாங்கிய உயிரைக் காசு கொடுத்து வாங்கிய விஷத்தால் கொல்கிறோம். டிரைக்கோடெர்மா கலந்து இட்ட நிலத்தில் கார்பன்டாசிமை வேருக்கு ஊற்றினாலும் அதே கதிதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கா கடுமையாகத் தாக்கும் ஆண்டில் மருந்தில்லாமல் நிலக்கடலையைக் காப்பாற்றுவது கடினம். மேலும், இலைப்புள்ளியால் உதிர்ந்த சருகே தண்டழுகல் பூஞ்சாணத்துக்கு முதல் உணவாவதால், இலையைக் கவனிக்காமல் விடுவதும் தண்டுக்கு நல்லதல்ல. அலபாமா விவசாயிகளுக்கு 1990-களில் டெபுகோனசோல் வந்தபோது, இலைப்புள்ளியையும் தண்டழுகலையும் அது ஒருங்கே கட்டுப்படுத்தியதால்தான் அவ்வளவு வரவேற்புக் கிடைத்தது. எந்த மருந்து எந்த நோயைத் தொடும், எதைத் தொடாது என்று தெரிந்து வாங்குவதே பாதி வெற்றி.

நிலக்கடலை போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தில் டிக்காவுக்கு மருந்து அடிக்கும்போது வயலின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் நான்கு சால் மட்டும் அடிக்காமல் விடுங்கள். செடியைப் பிடுங்கும் நாளில் அடித்த சாலில் நூறு செடியும், அடிக்காத சாலில் நூறு செடியும் எடுத்து, கழுத்தில் வெள்ளை நூலோ கடுகு உருண்டையோ இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். இலையையும் காயையும் ஒப்பிடுங்கள். அடித்த சாலில் தண்டழுகல் கூடுதலாக இருந்தால், மருந்தின் பெயரோடும் எண்ணிக்கையோடும் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எழுதிக் கொடுங்கள். அலபாமாவில் உண்மை வெளிவந்தது சிலர் இலையிலிருந்து கண்ணை எடுத்துத் தண்டைப் பார்த்ததால்தான். நம் வயல்களில் அந்தக் கணக்கை நாம்தான் எடுக்க வேண்டும்.